நாலு பூச்சிலும் வெளுக்காத சுவர்

யுத்த வருஷம். பூச்சு வேலைக்காரர்கள் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டதால், திண்டிவனத்தில் எங்கள் மண்சுவர் வீட்டுக்குப் பொங்கலுக்கு முன் நானே சுண்ணாம்பு அடித்தேன். மேலும் கீழுமாக ஒரு பூச்சு, காய்ந்ததும் குறுக்காக ஒரு பூச்சு. எல்லாச் சுவரும் சீராக வெளுத்தது. என் குழந்தையின் தூளிக்குப் பின்னால் மட்டும் முறத்தளவு கறை நின்றது.

நாலு பூச்சு அடித்தேன். மறுநாள் கறை இன்னும் பெரிதாக இருந்தது. மாரியாத்தா ஏதோ குறை காட்டுகிறாள் என்று பயந்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு மறுபடி சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை எடுத்தேன்.

"இன்னாடா, அஞ்சாவது தபாவா? அடிச்சிக்கினே இருக்கியே, ஒரு தபா தொட்டுப் பாத்தியா?" என்றாள் விழுப்புரத்திலிருந்து வந்திருந்த அக்காள்.

உள்ளங்கையை வைத்தேன். சுவர் சில்லென்றிருந்தது, விரல் உள்ளே அழுந்தியது.

"ஐயோ, புள்ளயத் தூக்குடா ஜல்தி!"

குழந்தையோடு வாசலுக்கு ஓடினோம். விளக்கு வைக்குமுன் அந்தப் பக்கச் சுவர் சரிந்து, தூளியின்மேல் மண் குவிந்தது.

பின்னால் போய்ப் பார்த்தேன். மழைக்காலத்தில் நான் சுவரோரம் நகர்த்திப் போட்ட குளிக்கிற கல்! குளித்த தண்ணீரெல்லாம் சுவரில் இறங்கியிருந்தது. ஆத்தா காட்டத்தான் செய்தாள். நான்தான் மூடி மூடிப் பூசினேன்.

இப்போது சுண்ணாம்பு கரைக்குமுன் ஒவ்வொரு சுவரையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறேன். வெளுக்காத இடம் கண்டால் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் குழந்தையைத் தூக்குகிறேன்.