இரண்டரை மூட்டையில் வந்த பதில்

என் மகள் எஸ்தர் கணக்குப் பரீட்சையில் தோற்றுப்போன சேதி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை ஏறவில்லை.

அது எட்டாம் வகுப்புப் பரீட்சை. முப்பது வயதுக்கு மேல் தனியாக எழுதினாள். மருமகன் விபத்தில் தவறிய பிறகு எங்களோடு வந்துவிட்டவள். எங்கள் ஊர் வழியாகப் பெண்களை ஏற்றிப்போகும் செருப்புக் கம்பெனி வேனில் அவளுக்கும் இடம் உண்டு, எட்டாவது பாஸ் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றார்கள். இவள் ஏழாவதோடு நின்றவள்.

என்னைச் சபையாருக்குத் தெரியும். மூன்றாவதுக்கு மேல் படிக்காதவன். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவன். இன்று சொந்த நிலம், சொந்த டிராக்டர். திருப்புலிவனம் வரைக்கும் என் வண்டிதான் உழுகிறது. ஆண்டவர் கொடுத்தார், நானும் சும்மா இருக்கவில்லை. அந்தத் தைரியத்தில், "உனுக்கு இன்னாத்துக்குமா வேல? நான் இல்லியா?" என்றேன்.

"நீ கீற நைனா. எத்தினி நாளிக்கு உன் சோத்தயே துன்னுகினு குந்தியிருப்பேன்? எனுக்குன்னு ஒண்ணு வேணாவா?"

என் ரத்தம் அல்லவா!

மறுபடியும் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். உத்திரமேரூரில் டியூஷன் போனாள். பின்னம் ஓரளவு வந்தது. தசமம் வரவே இல்லை. 0.5 பெரிதா, 0.25 பெரிதா என்று கேட்டால், இருபத்தைந்துதானே பெரிது என்று அதையே எழுதுவாள். சார் திருத்துவார். தலையாட்டுவாள். மறுநாளும் அதே தப்பு. இந்த முறையும் தோற்றுப்போனால் கம்பெனியில் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். புத்தகத்தின் மேலேயே கவிழ்ந்து அழுதாள்.

டிராக்டர் எஞ்சின் என்றால் பிரித்து மாட்டிவிடுவேன். இதில் என் கை எட்டவில்லை. முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இது எனக்குத் தெரியாத கணக்கு. நீர்தான் அவளுக்குச் சொல்லித்தர வேண்டும்" என்று கண்ணீர் விட்டேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் அறுப்பு. இருபத்தைந்து மூட்டை கண்டது. நெல் வீட்டுக்குள் போவதற்கு முன்னால் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்குப் போய்விடும். இதில் நான் ஒரு படி குறைத்தவன் இல்லை. இரண்டு மூட்டையை நான் இறக்கினேன். அரை மூட்டையை எஸ்தர் இடுப்பில் தூக்கி வந்தாள்.

"எவ்ளோமா?" என்று கேட்டார் பாஸ்டர் ஐயா.

"இருவத்தஞ்சுக்கு ரெண்டர, ஐயா" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். மூட்டையை இறக்கவே இல்லை.

"இன்னாமா நிக்கிற? எறக்கு, இடுப்பு புடிச்சிக்கப்போவுது."

"நைனா! இருவத்தஞ்ச பத்தால வகுத்தா ரெண்டு புள்ளி அஞ்சு. அந்தப் புள்ளி அஞ்சுதான் என் இடுப்புல கீது! அர மூட்ட! அப்ப புள்ளி ரெண்டு அஞ்சுன்னா கால் மூட்டதான? கால் மூட்டயப் போயி பெருசுன்னு எழுதிக்கினு கெடந்தேனே!"

பாஸ்டர் ஐயா சிரித்துவிட்டார். "இந்த வருசம் காணிக்கையில மொதப் பலன் உனுக்குத்தாம்மா" என்றார்.

எத்தனையோ வருடமாக நான் சுமந்து வந்த அரை மூட்டைதான். அதற்குள் பதில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. கர்த்தர் அவள் கண்ணைத் திறந்தார்.

எஸ்தர் பாஸ். பெரிய மார்க் என்று பொய் சொல்லமாட்டேன். பின்னத்தில் இரண்டு கணக்கை விட்டுவிட்டாள். தசமத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. இப்போது யாராவது டிராக்டரைப் பற்றி விசாரித்தால், முதலில் என் மகளைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் டிராக்டருக்கு வருகிறேன்.

முதல் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் காணிக்கையை என் காணிக்கையோடு சேர்த்துப் போடலாம் என்று கை நீட்டினேன்.

"உன்து கூட சேக்காத நைனா. இது என் பங்கு."

தானே நடந்துபோய்ப் போட்டாள். பத்தில் ஒன்று எவ்வளவு என்று யாரிடமும் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் கைக்கு எட்டாத ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். அவரிடம் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். நானே கேட்டேனே!