பாலத்தில் நின்ற ராஜ்தூத்

பொன்னன் பிளக்கை முடுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பெற்ற மகள் கூப்பிட்டாலும் சரி, காக்கிச் சட்டைக்காரர் கூப்பிட்டாலும் சரி, ஸ்பேனர் இறுகி நின்ற பிறகுதான் "ஏனுங்க" என்று தலையைத் திருப்புவார். மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று குமாரபாளையத்தில் பாதிப் பேர் பேசிக்கொள்கிறார்கள். தலைக்கனமும் இல்லை, காது மந்தமும் இல்லை. பயம். ஐம்பது வயசு ஆம்பிளை இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொல்லாமல் இருக்கிறார்.

பள்ளிபாளையம் போகிற ரோட்டில் தகரம் போட்ட ஒர்க்‌ஷாப் அவருடையது. ராஜ்தூத், யெஸ்டி, பழைய புல்லட் என்று நம் அப்பன்மார் ஓட்டிய வண்டிகள்தான் அங்கே வரும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "எம் பேச்சுக்கு ஒரு நாளாச்சும் இப்பிடிக் காதக் குடுத்திருப்பாரா" என்று அவர் மனைவி நொடித்துக்கொள்வாள். வண்டி எப்போது முடியும் என்று கேட்டால் "வண்டியவே கேளுங்க" என்பார். வாய் கொஞ்சம் கடுசு, வேலை சுத்தம். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் "மொதல்ல பெட்ரோல் இருக்குதான்னு பாருங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். இதெல்லாம் போன ஐப்பசி வரைக்கும்.

ஐப்பசியில் ஸ்ரீதேவி என்ற பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஈரோட்டில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை.

"அண்ணா, ஊட்ல ஒரு ராஜ்தூத் நிக்குதுங்க. நான் யூகேஜி படிக்கையில நிறுத்துனது. அப்பா வண்டி."

அப்பா யார் என்று பொன்னன் கேட்கவில்லை. சண்முகவேல் கதை ஊருக்கே தெரியும். சொந்தமாகத் தறி போட்டிருந்தவர். ஒரு நாள் காலையில் பவானி வரை போய் வருகிறேன் என்று ராஜ்தூத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மத்தியானம் வண்டி மட்டும் காவிரிப் பாலத்தின் மேல் சாவியோடு நின்றது. ஆறு இரு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்த சமயம். ஆளும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. குதித்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. கட்டாதா பின்னே? அன்று காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. "போனா போன எடத்துலயே இருந்துக்குங்க" என்று அவர் மனைவி பூவாத்தாள் கத்தியது, தறிச் சத்தத்தையும் மீறிப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்பிள்ளை யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. நெற்றிக் குங்குமத்தையும் அழிக்கவில்லை, புருஷனுக்குக் காரியம் செய்யவும் விடவில்லை.

"தை மாசம் எனக்குக் கல்யாணங்ணா" என்றாள் ஸ்ரீதேவி. "பத்திரிகை அடிக்கோணும். அப்பா பேருக்கு முன்னால திருன்னு போடறதா, தெய்வத்திருன்னு போடறதான்னு பெரியப்பா கேக்கறாரு. அம்மா வாயே தொறக்கறதில்லீங்க."

கோயிலில் பூப் போட்டும் கேட்டுப் பார்த்தார்களாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் சாமி காலடியில் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். முதல் தடவை வெள்ளை வந்தது. மனசு கேட்காமல் மறுபடி கேட்டார்கள், சிவப்பு வந்தது. இதற்கு மேல் கேட்கக் கூடாது என்று பூசாரி கையை விரித்துவிட்டார். அப்போதுதான் பூவாத்தாள் வாயைத் திறந்திருக்கிறாள். சாமிக்குத் தெரியாவிட்டால் அவர் வண்டியைக் கேட்போம். கிளம்பினால் இருக்கிறார். கிளம்பாவிட்டால் காரியம் செய்துவிடலாம்.

பொன்னனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏங் கண்ணு, நானென்ன எமனுக்குக் கணக்குப்பிள்ளையா?"

ஆனாலும் மறுநாள் காலையில் டூல் பெட்டியோடு போய் நின்றார்.

வீட்டுக்குப் பின்னால் தறிக்குடோன். தறிகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதை ஒட்டின சின்ன அறையில் வண்டி நின்றது, கதவைப் பார்த்தபடி. பொன்னன் குனிந்து தரையைப் பார்த்தார். ஸ்டாண்டின் கால் சிமெண்டைச் சுரண்டிச் சுரண்டி, சுவர் ஓரத்திலிருந்து கதவு வரை ஒரு கோடு வளைந்து வந்திருந்தது.

"செவுத்தப் பாத்துத்தாங்ணா நிறுத்துவோம்" என்றாள் ஸ்ரீதேவி. "கொஞ்சங் கொஞ்சமாத் திரும்பி வந்துருது."

"இத்தன தறி அடிக்குது, தரையே அதிருது. நகராம என்ன பண்ணும்?"

"பொங்கலுக்குத் தறி நிக்கையிலயும் நகருதுங்ணா."

பொன்னன் பெட்டியைத் திறந்தார்.

வாசலில் தண்டாயுதபாணி நின்றார். சண்முகவேலின் அண்ணன். பாலத்திலிருந்து வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர்தான். உள்ளே ஒரு காலைக்கூட வைக்கவில்லை. "பாத்துப் பொன்னா. அது மூச்சு விடும். அன்னிக்கு நான் ஒதைச்சப்ப புஸ்ஸுன்னு பெருமூச்சு விட்டுச்சு. அதுக்கப்பறம் நாந் தொடவே இல்ல."

வருஷக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்ததும் உதைக்கக் கூடாது. உதைத்தால் உள்ளே துருப்பிடித்ததெல்லாம் சேர்ந்து இஞ்சினையே தின்றுவிடும். பெட்ரோல், கரண்ட், பிஸ்டன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். பொன்னன் முதலில் டேங்க் மூடியைத் திறந்தார். திறந்த கையோடு முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பெட்ரோல் வாடை இல்லை. ஆற்று வாடை. ஒரு பேசினில் கவிழ்த்தார். பழுப்புத் தண்ணீர், மணல், வண்டல், கடைசியில் நகக்கண் அளவில் ஒரு நத்தைக் கூடு. பாலத்தின் மேல் நின்ற வண்டிக்குள் ஆறு எப்படி வந்தது?

"நாந்தான் ஊத்துனேனுங்க."

பூவாத்தாள். எப்போது வந்து நின்றாள் என்றே தெரியவில்லை.

"ஆடிப் பதினெட்டுக்கு எல்லாப் பொம்பளைங்களும் ஆத்துக்குப் போயி, புருஷனுக்காகக் கும்புட்டு மஞ்சக் கவுறு மாத்துவாங்க. நானும் போவேன். வரையில ஒரு சொம்புத் தண்ணி மொண்டாந்து இதுல ஊத்துவேன். அவரு ஆத்துல இருந்தா இது அவரு குடிக்கற தண்ணி. ஆத்துல இல்லீன்னா, வண்டிக்குக் காட்டுன தண்ணி. காரியம் பண்ணி எள்ளுந் தண்ணியும் எறைக்க எனக்குக் கை வரலீங்க."

வேறு யாராவது டேங்கில் தண்ணீர் ஊற்றியிருந்தால் பொன்னன் வாயில் என்னென்னவோ வந்திருக்கும். அன்று பேசினை ஓரமாக நகர்த்தி வைத்தார். வருஷா வருஷம் ஆடித் தண்ணீர். இந்நேரம் இஞ்சின் இரும்புக் கட்டியாகியிருக்க வேண்டும். டேங்குக்கு அடியில் பார்த்தார். பெட்ரோல் டேப் மூடியிருந்தது. தண்ணீர் அதற்குக் கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை.

"டேப்ப யாரு மூடுனது?"

"நாங்க யாரும் அதத் தொட்டதே இல்ல பொன்னா" என்றார் தண்டாயுதபாணி.

பொன்னன் பிளக் வயரைக் கழற்றினார். பிளக்கில் ஸ்பேனரை மாட்டிப் பலம் கொடுக்கத் தயாரானார். அத்தனை வருஷத்துப் பிளக், உயிரை வாங்குமே. ஸ்பேனரைத் திருப்பியதும் ஒரு பிடிப்பும் இல்லாமல் சுழன்றது. ஸ்பேனரை வைத்துவிட்டு விரலாலேயே சுற்றினார். மூன்று சுற்று. கையோடு வந்துவிட்டது.

தறி அதிர்வில் தளர்ந்திருக்கும் என்றுதான் நினைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அந்த நினைப்பு போய்விட்டது. ஒரு தடவை ஸ்பேனர் போட்டு முடுக்கினாலே பிளக்கின் கழுத்தில் இருக்கும் வாஷர் நசுங்கித் தட்டையாகிவிடும். இதன் வாஷர் உருண்டையாக, கடையில் வாங்கியபடியே இருந்தது. புதுப் பிளக். ஒரு நாளும் முடுக்கப்படாத பிளக். சீட்டுக்குக் கீழே டூல் பாக்ஸைத் திறந்தார். பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி, ஆயில் குடித்துக் கருத்துப்போன பழைய பிளக் இருந்தது. பிளக் ஸ்பேனரை மட்டும் காணோம்.

ராஜ்தூத் வைத்திருந்தவன் சட்டைப் பையில் பீடி இல்லாவிட்டாலும் ஒரு ஸ்பேர் பிளக் இருக்கும். ஓடும் வண்டி ஆயில் அடைத்து நின்றால் டேப்பை மூடிவிட்டு, பிளக்கை மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"பெரியவரே, பாலத்துல வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?"

"நம்மூரப் பாத்துத்தான். பிளக் வயரு தொங்கிட்டிருந்துச்சு. மாட்டி ஒதைச்சுப் பாத்துட்டுத் தள்ளிட்டு வந்தேன்."

முடுக்காத பிளக் வழியாகத்தான் காற்று புஸ்ஸென்று போயிருக்கிறது. மூச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. பொன்னனுக்கு அது விளங்கியது. விளங்காதது வேறு. பிளக்கை விரலால் மூன்று சுற்று சுற்றியவன், ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே, முடுக்காமல் ஏன் எழுந்தான்?

அப்போது யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தனக்கே உறுதிப்படாத ஒன்றை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? இறுகியிருந்த பிஸ்டனுக்கு டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற விட்டார். பாயிண்ட்டை உப்புத்தாளில் தேய்த்தார். கார்பரேட்டரைக் கழுவினார். உச்சி வெயிலில் மற்றவர்கள் சோறு தின்னப் போய்விட்டார்கள். தூசி போகாமல் இருக்கப் பிளக்கை ஓட்டையில் வைத்து விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். அப்போது கரண்ட் போயிற்று.

கரண்ட் போவது குமாரபாளையத்தில் எப்படி இருக்கும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஊரிலுள்ள அத்தனை தறியும் ஒரே வீச்சில் நின்றுபோகும். காதை யாரோ பொத்தினது போல இருக்கும். அந்த அமைதிக்குள், முதுகுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், "பொன்னா" என்று ஒரு குரல்.

அவர் அம்மா கூப்பிடுகிற மாதிரி. கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, சோறு ஆறுகிறது வா என்பது போல. அம்மா செத்து வருஷங்கள் ஆகின்றன. அந்த நினைப்பே அவருக்கு அப்போது வரவில்லை. "வாரேன்" என்றார். எழுந்தார். வாசலைத் தாண்டி வெயிலில் கால் சுட்ட பிறகுதான், தான் நடந்துகொண்டிருப்பதே உறைத்தது.

சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கையைப் பார்த்தார். பிளக் ஸ்பேனர் கையில் இருந்தது. திரும்பி வண்டியைப் பார்த்தார். பிளக் மூன்று சுற்றில் நின்றிருந்தது, காலையில் பார்த்தபடியே.

சண்முகவேலும் இப்படித்தான் எழுந்து போயிருக்கிறான். பொன்னனுக்கு முன்னால் இருந்தது சந்து. அவனுக்கு முன்னால் இருந்தது பாலத்தின் கைப்பிடிச் சுவரும் அதற்கு அந்தப் பக்கம் ஆறும். யார் கூப்பிட்டது, யார் குரலில் கூப்பிட்டது, அது இன்றுவரை பொன்னனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

மறுநாள் காலை சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வாசலில் கூடிவிட்டது. பொன்னன் பேட்டரியை வெளியிலிருந்து கொடுத்து, பெட்ரோலை ஒரு பாட்டிலில் கட்டித் தொங்கவிட்டார். கிக்கரை ஒரு முறை கையால் அமுக்கிப் பார்த்தார். ஊறின பிஸ்டன் அசைந்து கொடுத்தது. உதைத்தால் கிளம்பும் என்று தெரிந்துவிட்டது. அதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். பிளக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூவாத்தாளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அம்மிணி, இதப் பாருங்க. இது புதுப் பிளக். உங்க ஊட்டுக்காரரு அன்னிக்குப் பாலத்துல மாத்துனது. டேப்ப மூடிட்டு, பழச வேஸ்ட்டுல சுத்திப் பத்திரமா வெச்சிட்டு, புதுச மூணு சுத்துச் சுத்தியிருக்காரு. சாகப்போறவன் பிளக் மாத்த மாட்டானுங்க. அவரு பவானி வேலைய முடிச்சுட்டு ஊட்டுக்கு வந்துட்டிருந்திருக்காரு."

குரலைப் பற்றி மூச்சு விடவில்லை.

பூவாத்தாள் அந்தப் பிளக்கை வாங்கி வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். "நாஞ் சொன்ன சொல்லுக்காகப் போகலீங்களா?"

"இல்லீங்க அம்மிணி."

"இத நான் முடுக்கலாமுங்களா?"

பொன்னன் ஸ்பேனரைக் கொடுத்தார். அவள் விரலால் மூன்று சுற்று சுற்றினாள். பிறகு ஸ்பேனரை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, இனி இறுகாது என்கிறவரை முடுக்கினாள். பொன்னனின் முதல் உதைக்கு இருமல். இரண்டாவதுக்கும் அதே. மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. அறை முழுக்க நீலப் புகை.

"கிளம்பிருச்சு" என்று தண்டாயுதபாணி கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி கண்ணத் தொறந்துட்டான். தம்பி இருக்கறான் அம்மிணி. பிரஸ்ஸுக்காரன்கிட்டத் திருன்னே போடச் சொல்லிரலாம்."

ஸ்ரீதேவி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூவாத்தாள் டேங்கைத் தடவிக் கொடுத்தாள். இஞ்சின் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விட்டாள். பிறகு சாவியைத் திருகினாள். சத்தம் அடங்கியது.

"தெய்வத்திருன்னே போடச் சொல்லு சாமி" என்றாள் மகளிடம்.

"அம்மா, வண்டிதான் கிளம்பிருச்சே."

"கிளம்பிருச்சு. ஊட்டுக்கு வரத்தானே அவரு பிளக் மாத்துனாரு? உசுரோட இருந்திருந்தா நடந்தாச்சும் வந்து சேந்திருப்பாரு."

சொல்லிவிட்டு வண்டியின் சீட்டில் தலையைச் சாய்த்தாள். ஸ்ரீதேவி யூகேஜி படித்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அன்று வாய்விட்டு அழுதாள்.