பாறசாலை பஸ்ஸில் வந்த இலைகள்

சென்ற வாரம் அமரவிளையில் சாளை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. செல்வபாயின் தம்பி. "விஜயண்ணா, அக்கா போயாச்சு. நாளைக்கு நம்ம சபையில வச்சாக்கும் அடக்க ஆராதனை. நீங்க வரணும்." சில மாதங்களாக அவருக்கு உடம்பு சரியில்லை என்பது தெரியும். தெரிந்திருந்தும் மனம் ஏற்கவில்லை. மீன்காரி "சாரே, வேணுமா வேண்டாமா?" என்று அதட்டிய பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பதே உறைத்தது. மீன் வாங்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

ஆராதனையில் பேசியவர்கள் அவரைச் சாந்தசொரூபி என்றார்கள். அவருடன் வேலை செய்த உங்களில் சிலர் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். நம் செல்வபாய் கடைந்தெடுத்த பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்தால் முதலில் அடிபட்டது எப்போதும் அவரேதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் திருவனந்தபுரத்தில் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தோம். ஒரே வயது, பக்கத்துப் பக்கத்து ஊர். எனவே மரியாதையெல்லாம் கிடையாது, நீ நான் என்றுதான் பேச்சு. பயிரில் எல்லா மரபணுவும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. வயல் வறளும்போதோ மண்ணில் உப்பு ஏறும்போதோ சில மரபணுக்கள் விழித்துக்கொண்டு செய்தி அனுப்பத் தொடங்கும். எவை விழிக்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. இலையை அரைத்து அந்தச் செய்தியைப் பிரித்தெடுத்து எக்ஸ்ரே ஃபிலிமில் பதிப்போம். மரபணு விழித்திருந்தால் கறுப்பாக ஒரு பட்டை விழும். உறங்கினால் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

பயிர் நின்றது பாறசாலைக்குப் பக்கத்தில், செல்வபாய் வீட்டு வயலில். ஒரு பகுதிக்குத் தண்ணீர் குறையாது, ஒரு பகுதியைக் காயப்போடுவோம், தனியாகத் தொட்டிகளில் உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். அவருடைய அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. "மக்கா, நெல்லுக்கே உப்பு போட்டாச்சுன்னா இனி கஞ்சிக்கு உப்பு வேண்டாமாக்கும்" என்று எனக்குக் கஞ்சி ஊற்றும்போதெல்லாம் சொல்வார்.

செல்வபாய்க்கு அழகான பட்டை கிடைத்தது. வறண்ட பயிரில் கட்டியாக, உப்புப் பயிரில் அதைவிடக் கட்டியாக. கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. உதவித்தொகை முடிகிற நேரம். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு நேர்முகம் வரவிருந்தது. கட்டுரை இருந்தால் வேலை உறுதி, இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி டியூட்டோரியலில் பாடம் எடுக்க வேண்டியதுதான்.

ஒரே ஓர் உறுத்தல். தண்ணீர் குடித்து நன்றாக நின்ற பயிரின் இடத்திலும் மங்கலாக ஒரு பட்டை தெரிந்தது. அது எல்லோருக்கும் வருவதுதான் என்று வழிகாட்டி சொன்னார், நானும் சொன்னேன். செல்வபாய் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம் பழைய ஃபிலிம்களை மேசையில் பரப்பி என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரு. தண்ணி குடிச்ச பயிரு மத்ததிலெல்லாம் மங்கல், இதில மட்டும் கறுப்பு. இந்த இலை கொண்டுவந்த அண்ணைக்கு என்ன நடந்துன்னு ஓர்மை உண்டா?"

"நெய்யாற்றின்கரையில மறியல். பஸ் அனங்கவே இல்ல."

"அதாக்கும் விஷயம்."

நாங்கள் இலையைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, பையில் போட்டு பஸ்ஸில்தான் கொண்டுவருவோம். செல்வபாய் ஆய்வகத் தொட்டியில் செழிப்பாக நின்ற நாற்றிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, பஸ் வந்துசேரும் நேரம்வரை அதே மாதிரி சுற்றிவைத்துச் சோதித்தார். மை தீட்டியதுபோல் பட்டை. பறித்த இலை உடனே சாவதில்லை. காயம் பட்டதையும் தண்ணீர் நின்றுபோனதையும் உணர்ந்து, பைக்குள் கிடந்தபடியே மரபணுக்களை எழுப்பிக்கொண்டிருக்கிறது.

"இவ்வளவு காலம் நாம படிச்சது வறட்சிய இல்ல மக்கா, பாறசாலை பஸ்ஸையாக்கும்" என்றார்.

நான் விடவில்லை. "வறண்ட பயிரில கூடுதல் கட்டியாத்தானே இருக்கு? வேலை கிடைக்கட்டும், பிறகு திருத்தலாம்."

"பாதி வறட்சி, பாதி பஸ்ஸு. எது எதுன்னு நீ பிரிச்சுத் தருவியா?"

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நேர்முகத்தில் என்ன கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். "ஒண்ணு உண்டாயிருந்து சார். அது தப்புன்னு கண்டுபிடிச்சேன்" என்றாராம். வேலை வேறொருவருக்குப் போனது. வெளியே காத்திருந்த என்னிடம் வந்து, "பசிக்கி, வா, புட்டும் கடலையும் தின்னலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் புட்டைத் தள்ளிவைத்தேன். அவர் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

நான் பயந்தபடியே டியூட்டோரியலுக்குப் போனார். அடுத்த பருவத்தில் மறுபடி விதைத்தார். இம்முறை இலையைப் பறித்த கணமே வயலில் வைத்தே உறையவைப்பது என்று முடிவு. திரவ நைட்ரஜன் நிறைந்த குடுவையைப் பழைய ஆய்வகத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, வாடகை ஜீப்பில் வயலுக்குக் கொண்டுபோனோம். திரும்பும்போது அமரவிளை செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். எல்லை தாண்டிச் சாராய ஸ்பிரிட் கடத்துகிற காலம், சந்தேகப்படுவதில் தப்பில்லை.

"கேனில் எந்தா? ஸ்பிரிட்டோ?"

"திறந்து பாருங்க சாரே. கைய மட்டும் விடாண்டாம்."

மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்து சோதனை அதிகாரியின் காலைச் சுற்றியது. மனிதர் இரண்டடி பின்னால் துள்ளினார். உள்ளே இருப்பது நெல் இலைதான் என்று சொன்னால் நம்புவாரா? வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார். எடுத்தால் அந்தப் பருவமே பாழ். செல்வபாய் குடுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "உறங்க வச்சிருக்கு சாரே. முழிச்சா பொய் சொல்லும்." அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே சாலைத் தடுப்பை உயர்த்திவிட்டார்.

ஃபிலிமைக் கழுவிய அன்று நானும் இருட்டறையில் கூட இருந்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பிடித்தபோது என் கண் நேராகக் கறுப்புப் பட்டைகளுக்குத்தான் போனது. வறண்ட பயிரில் இருந்தது, உப்புப் பயிரில் இருந்தது. "கிடைச்சாச்சு!" என்று கத்தினேன். செல்வபாய் அவற்றைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் குடித்த பயிருக்கான இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அங்கே ஒன்றுமில்லை, சுத்தமாக ஒன்றுமில்லை. வேலை கைவிட்டுப் போனபோது அழாதவர், அப்போது அழுதார். "எலே, ஒண்ணும் இல்ல பாத்தியா! எத்தற பங்கியா இருக்கு!" அந்த வெறும் இடத்தைத்தான் அவ்வளவு அழகு என்றார்.

அந்தக் கட்டுரை வந்தது, பிறகு வேலையும் வந்தது, பெயரும் வந்தது. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். இன்றும் என் மாணவர்கள் நல்ல முடிவு கிடைத்தது என்று துள்ளிக்கொண்டு வரும்போது, ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அவர்கள் முகம் வாடிவிடுகிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. வாடட்டும். செல்வபாய் என்னிடம் விட்டுப்போன பிடிவாதம் அது. அதை நான் யாருக்காகவும் தளர்த்துவதாக இல்லை.