அப்பப்பாவின் கிழிந்த காதைத் தேடிப் போன பயணம்

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, நோர்வேயில் நான் குடியிருக்கும் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து ஒஸ்லோவின் மறுபக்கம் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். போன காரணத்துக்கு அறுபத்தெட்டு வயது.

நான் பிறந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரர் என் அப்பப்பாவைத் தெருவில் நிறுத்திப் படம் பிடித்தாராம். பெரிய மனிதர் முன்னால் நிற்கிறோம் என்று அப்பப்பா தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு நின்றிருக்கிறார். அது எங்கள் மரியாதை. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வாத்தியார் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "உன்ரை அப்பப்பான்ரை படத்தை ஐரோப்பாவிலை காட்டுமிராண்டி எண்டு எழுதி மாட்டியிருக்கிறாங்களாம்" என்றார். வகுப்பே சிரித்தது. அடுத்த நாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வாத்தியார் அன்று கட்டியிருந்த வேட்டிக்குப் பச்சைக் கரை.

என் பேத்தி துளசி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பழங்குடி மக்களை ஐரோப்பிய அறிஞர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று ஒரு கண்காட்சி நடக்கிறது என்றாள். "ஆசியப் பக்கத்துப் பழைய படங்களும் கிடக்கு, அம்மம்மா." என்னையும் கூட்டிக்கொண்டு போ என்றேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே அப்பப்பா சுவரில் தொங்குகிறாரோ?

காலை 9.40க்கு ரயில் ஏறினோம். நகரத்துக்கு இருபத்தைந்து நிமிடம், பிறகு பஸ்ஸில் கால் மணி நேரம். ஒரே சீட்டு இரண்டுக்கும் செல்லும்; முதியோருக்கு அரை விலை. பஸ் நிறுத்தத்திலிருந்து 300 மீற்றர் நடை, கொஞ்சம் ஏற்றம். நுழைவுச்சீட்டு எனக்கு 90 குரோனர்.

முதல் அறையில் அறிஞர்கள் எழுதியவை. துளசி வாசித்துச் சொன்னாள். ஒருவர், இவர்கள் சட்டமும் கடவுளும் அறியாத காட்டுமிராண்டிகள் என்கிறார். இன்னொருவர், இல்லை, பொய்யும் பேராசையும் தெரியாத குழந்தைகள் என்கிறார்.

"இவர் நல்ல மாதிரித்தானே எழுதியிருக்கிறார், அம்மம்மா?"

"மாடு விக்கேக்கை அப்பப்பா சொன்ன பொய்யை இவர் கேட்டிருக்கோணும்."

இவர்களில் பலர் அந்த மக்களை நேரில் கண்டதே இல்லையாம். கப்பலில் போனவர்கள் சொன்னதை வைத்து வீட்டில் இருந்தபடியே எழுதினார்களாம். ரயிலும் பஸ்ஸும் மாறிப் பார்க்க வந்த எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இரண்டாவது அறையில் படங்கள். ஓர் ஆளுக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பெயர் இல்லை, எண்தான். அப்பப்பாவின் இடது காது கடுக்கன் இழுத்துக் கிழிந்தது. அதனால் முகத்தை விட்டுக் காதுகளைப் பார்த்துக்கொண்டு போனேன். பத்தொன்பது ஆண்கள். ஒருவருக்கும் அந்தக் காது இல்லை. கடைசியிலிருந்து திரும்பவும் பார்த்தேன். இல்லை. அங்கே உட்காரப் போட்டிருந்த வாங்கில் அப்படியே இருந்துவிட்டேன். எவ்வளவு பாரத்தைச் சுமந்து வந்தேன் என்று இறக்கியபிறகுதான் தெரிந்தது.

வாங்கில் பக்கத்தில் இருந்த ஒரு பெண் துளசியிடம் ஏதோ கேட்டார். நோர்வேயின் வடக்கே வாழும் சாமி என்ற பழங்குடி இனத்தவர், என் வயது இருக்கும்.

"உங்கடை ஆள் கிடைச்சாரோ எண்டு கேக்கிறா."

"இல்லையெண்டு சொல்லு. சந்தோசமாச் சொல்லு."

அவர் சிரித்துவிட்டு எதிர்ச்சுவரைக் காட்டினார். பதினான்காம் எண் அவருடைய அம்மாவின் பெரியம்மா. படம் எடுக்க வருகிறார்கள் என்று, இருந்ததில் நல்ல வெள்ளி ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து நின்றவராம். படத்தின் கீழே காட்டுமிராண்டி அலங்காரம் என்று எழுதிவிட்டார்கள். இவர் அருங்காட்சியகத்துக்கு நான்கு முறை கடிதம் போட்டு, இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் எழுதிய அட்டை வந்திருக்கிறது. நான் சால்வைக் கதையைச் சொல்லச் சொன்னேன்.

துளசி சொல்லிவிட்டுத் திரும்பினாள். "ரெண்டு பேரும் வந்தவனை மதிச்செல்லோ நிண்டிருக்கினம் எண்டு சொல்லுறா."

"ஓம் எண்டு சொல்லு."

திரும்பும்போது ரயிலில் நித்திரையாகிவிட்டேன். ஹவுகன்ஸ்டுவா தாண்டி அடுத்த நிலையத்தில்தான் துளசி எழுப்பினாள். "குறட்டை விட்டனீங்கள், எழுப்ப மனம் வரேல்லை" என்றாள். வேறு நாட்டுச் சுவரில் அப்பப்பா இருக்கலாம் என்றும் சொன்னாள். இருக்கட்டும். இந்த ஊரில் இல்லை, எனக்கு அது போதும். வாத்தியாரை மன்னிக்கவில்லை. அவரும் பார்க்காமல் சொன்ன ஆள்தான்.

போகிறவர்கள் வார நாளில் காலையில் போங்கள்; இரண்டு மணி நேரம் போதும். மூக்குக்கண்ணாடியை மறக்கவேண்டாம். உங்கள் ஆளையும் தேடுவதென்றால், காதோ தழும்போ ஓர் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். படத்தின் கீழே எழுதியிருப்பதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.