இடப்பக்கம் பார்த்த குருவி

பழம்பொருள் ஏலக்கடையில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்றே பெயர். செம்பு, பித்தளைச் சாமான் எது வந்தாலும் முதலில் அவள் மேஜைக்குத்தான் போகும். கவிழ்த்து, களிம்பைத் துடைத்து, அடியில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்து எந்தப் பட்டறை, எந்தக் காலம் என்று சொல்லிவிடுவாள். நூற்று நாற்பது முத்திரைகளைத் திரட்டிப் புத்தகமாகவும் போட்டிருந்தாள். அது வந்து ஒன்பது வருஷம். அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

ஒரு நாள் தையல்காரம்மா ஒருத்தி செம்புக் கெட்டில் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். அடியில் குருவி முத்திரை. ஆனால் குருவி வலப்பக்கம் பார்த்தது. புத்தகத்தில் அது இடப்பக்கம் பார்க்கும்.

“போலிம்மா இது. யாரோ உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க.”

“யாரு ஏமாத்துறது? எங்க பாட்டியோட அம்மா வச்சிருந்தது. தேச்சுத் தேச்சுக் குருவிக்குக் கண்ணே போயிடுச்சு, பாருங்க.”

“எத்தனை வருஷமா இதே வேலை பாக்குறேன், எனக்குத் தெரியாதா?”

தையல்காரம்மா முகம் சுண்டிப்போய்விட்டது. கெட்டிலை மறுபடி சுற்றக்கூட இல்லை, அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.

போலி செய்கிறவன் முத்திரையைப் பளிச்சென்று தெரியவிடுவானே தவிர, தேய்த்து அழிப்பானா? இந்தக் கேள்வி வீட்டுக்குப் போன பிறகும் அவளைக் குடைந்தது. பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினாள். புத்தகத்துக்காக ஒவ்வொரு முத்திரை மேலும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதிகள் அதில் இருந்தன. குருவியும் இருந்தது, வலப்பக்கம் பார்த்தபடி. தாளைத் திருப்பினாள். மெல்லிய தாளில் பென்சில் கோடு பின்பக்கமும் தெரிந்தது. அங்கே குருவி இடப்பக்கம் பார்த்தது.

அச்சகத்தில் தாளைத் திருப்பி வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அச்சுப்பிழை திருத்த வேண்டிய வாரம் அவள் காய்ச்சலில் கிடந்தாள், மேலோட்டமாகப் புரட்டி அனுப்பிவிட்டாள். அதன் பிறகு முத்திரையைப் புத்தகத்தோடு ஒப்பிட்டாளே ஒழிய, புத்தகத்தை எதனோடும் ஒப்பிட்டதில்லை.

காலையில் கடைக்குப் போகாமல் நேரே தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“உங்க கெட்டில் அசல்தாம்மா. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க.”

மெஷின் நின்றது. “பழைய இரும்புக்காரன் கிட்டப் போட்டுட்டேனே. பொய்யை எதுக்கு வீட்டுல வச்சிருக்கணும்னு தோணுச்சு.”

இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். செம்பெல்லாம் முந்தின நாளே உருக்கப் போய்விட்டதென்று அவன் கையை விரித்தான். தையல்காரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. “எங்கம்மா கைபட்டது அது ஒண்ணுதான் இருந்துச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் பூதக்கண்ணாடிக்கு வேறொன்று நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இடப்பக்கம் பார்க்கும் குருவி இந்த இரண்டு வருஷத்தில் மூன்று பாத்திரங்களில் வந்தது. மூன்றையும் அசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவளேதான். கொண்டுவந்தது தங்கை வீட்டுக்காரன். ரப்பர் ஸ்டாம்பும் உலோக அச்சும் வெட்டிக் கொடுக்கும் சின்னக் கடை அவனுக்கு.

அவன் வீட்டுக்கே போய்க் கேட்டதும் அவன் மழுப்பவில்லை. “உங்க புத்தகத்தைப் பாத்து அப்படியேதான் வெட்டினேன்க்கா. தப்பான படம் போட்டது நீங்க. என் அச்சுல ஒரு மயிரிழை பிசகு உண்டா சொல்லுங்க.”

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையாக மாறியது.

உள்ளேயிருந்து வந்த தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, வெளிய சொல்லிடாதே. உனக்கும்தானே கெட்ட பேரு?”

கடை முதலாளியும் அதையே வேறு மாதிரி சொன்னார். “வாங்கினவங்க சந்தோஷமா இருக்காங்க. அடுத்த பதிப்புல திருத்திக்கலாம். ஊதிக் கெடுக்காதீங்க.”

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், வாங்கிய மூன்று பேருக்கும் தன் கைப்படக் கடிதம் எழுதினாள். படத்திலிருந்த பிழை, தான் போட்ட கையெழுத்து, அச்சு வெட்டியவன் தன் தங்கை கணவன் என்பது, எதையும் விடவில்லை. ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர் போலீசுக்குப் போனார். மூன்றாமவர் பதிலே போடவில்லை.

கடையில் அவள் மேஜையை எடுத்துவிட்டார்கள். தங்கை கணவன் கடை பூட்டிக் கிடக்கிறது, வழக்கு நடக்கிறது. தங்கை தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுகிறாள்.

அவள் இப்போது புத்தகத்தின் நூற்று நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாகப் பிரதிகளோடு வைத்துச் சரிபார்க்கிறாள். அறுபத்தெட்டு முடிந்திருக்கிறது. இன்னொன்றும் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. அதை நம்பி யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.