வெர்னாவின் புத்தகத்தில் ஒரு ஹிட்

பதினெட்டு வருஷமாக பேஸ்பால் மைதானத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி வெர்னா ஜப்லான்ஸ்கி. முதல் பேஸுக்குப் பின்னால், பன்னிரண்டாம் வரிசை. என்னிடம் அவள் சிரித்துப் பேசியதைவிட, எழுதவிடாமல் தொணதொணக்கிறேன் என்று அதட்டியதுதான் அதிகம். மடியில் ஸ்கோர் புத்தகம், காதில் பென்சில். ஒரு பந்து விடமாட்டாள். பெரிய பலகையில் எவன் என்ன போட்டாலும் சரி, அவள் கண்ணால் பார்த்ததுதான் அவள் புத்தகத்தில் ஏறும். பிடிவாதக்காரி.

இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஒரு பனிக்காலத்தில் பாதி டிரைவர்கள் காய்ச்சலில் படுத்துவிட, முட்டி வீங்கிக் கிடந்த இவளைக் கெஞ்சிக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார்கள். பிரேக்கில் கால் போய்ச் சேர ஒரு நொடி தாமதமாகி, பஸ் பள்ளிக்கூட வாசல் தூணில் முட்டியது. ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் டிப்போவில் அவள் பெயருக்கு நேரே 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். முட்டியைப் பற்றி எவனும் ஒரு வரி எழுதவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும்.

எங்கள் ஹெரன்ஸ் அணியின் இந்த வருஷக் கதையை என்னவென்று சொல்ல? பதினாறு பேருக்கு அடி. ஒருத்தன் தும்மி இடுப்பைப் பிடித்துக்கொண்டான். முதல் பந்துவீச்சாளன் வீட்டுக்கூரையில் இலை வாரப் போய் ஏணியிலிருந்து விழுந்தான். எரிச்சலில் நான் தினமும் கரித்துக்கொட்டுவேன். அவளோ, பாவம் வலியோடு ஆடுகிறார்கள் என்று பரிந்து பேசுவாள். செப்டம்பரில் நாங்கள் கடைசி இடம். மானம் ரோஷம் இல்லாத எங்களைப் போல நாலு பேர்தான் விடாமல் போனோம்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அவளுக்கும் கடைசி. இடுப்பு எலும்பு தேய்ந்துபோனதால் புதன்கிழமை அரிசோனாவில் மகள் வீட்டுக்குக் குடிபோகிறாள். ஒரே ஒரு குறைதான். ஒன்பது இன்னிங்ஸும் எதிரணிக்கு, பந்தை அடித்துப் பேஸைத் தொடும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடிக்கும் ஆட்டத்தை, அந்த நோ-ஹிட்டரை, அவள் பார்த்ததே இல்லை. அவள் மைதானத்துக்கு வரும் முப்பத்தோரு வருஷத்தில் ஒரே தடவை நடந்தது. அன்றைக்கென்று பார்த்துத் தங்கை மகளுக்குக் கல்யாணம். வேண்டுமென்றே நாள் குறித்ததுபோல அந்தப் பெண்ணோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தாள்.

அன்றைக்குப் பந்து வீசியவன் பச்சேகோ. முப்பத்தாறு வயசு. வேறு ஆள் இல்லாததால் வியாழக்கிழமைதான் கீழ் அணியிலிருந்து கூட்டிவந்தார்கள். ஆறாவது இன்னிங்ஸில்தான் கவனித்தேன், எதிரணிக்கு இன்னும் ஒரு ஹிட்கூட இல்லை. ஏழாவதில் மைதானமே கவனித்துவிட்டது. இப்படி ஒன்று நடக்கும்போது அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் கெட்டுப்போகும். எங்கள் ஊரில் பச்சைக்குழந்தைக்கும் இது தெரியும். எனக்கு அவசரமாக ஒண்ணுக்கு வந்தது, அசையவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட், இன்னும் ஒரே ஆள். அவன் அடித்த பந்து தரையோடு எங்கள் ஃபீல்டர் ரஸ்கோவுக்கு இடப்பக்கம் உருண்டது. ஆகஸ்டிலிருந்து முட்டியில் கட்டோடு ஆடுகிறவன் ரஸ்கோ. மாற்றுக்கு ஆள் கிடையாது. பாய்ந்தான், முட்டி மடங்கியது, பந்து கையுறை நுனியில் பட்டு நழுவிவிட்டது. அடித்தவன் முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அது பிடிக்க முடியாத பந்து, ஹிட் என்று போட்டால் எல்லாம் போச்சு. பிடித்திருக்க வேண்டியதை விட்ட ரஸ்கோவின் பிழை என்று போட்டால் நோ-ஹிட்டர் உயிரோடு இருக்கும். ஸ்கோர் எழுதும் அதிகாரி என்ன போடுவார் என்று எல்லோரும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் 'பிழை' என்று வந்தது. நான் முன்பின் தெரியாத ஒரு ஆளைக் கட்டிப்பிடித்தேன். அடுத்தவன் வானத்தில் தூக்கி அடித்தான், கையில் விழுந்தது, ஆட்டம் முடிந்தது. பச்சேகோ தரையில் உட்கார்ந்து அழுதான். எல்லோரும் அவன்மேல் விழுந்தார்கள்.

வெர்னாவும் எழுந்து நின்று கை தட்டினாள், முகமெல்லாம் ஈரம். நாற்காலியில் புத்தகம் திறந்து கிடந்தது. ரஸ்கோ விட்ட பந்தின் கட்டத்தைப் பார்த்தேன். ஹிட் என்று எழுதியிருந்தாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "உனக்கென்ன பைத்தியமா? முப்பத்தோரு வருஷமா இதுக்குத்தானே காத்துக் கெடந்தே! பலகையிலேயே பிழைன்னு போட்டுட்டான்ல?"

"அவன் முட்டியப் பாத்தேல்ல?"

"அவனே சந்தோஷமா ஏத்துக்கிட்டான். அங்க பாரு, எப்படிக் குதிக்கிறான்னு."

"குதிக்கல ஆர்லோ. நொண்டுறான்."

திரும்பிப் பார்த்தேன். நொண்டிக்கொண்டுதான் இருந்தான்.

"முடிஞ்சிருந்தா பிடிச்சிருப்பான். முடியாதவன் தலையில தப்புன்னு எழுத எனக்குக் கை வரல," என்றாள்.

அவள் பையை வாங்கிக்கொண்டேன். என் தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள். பாதியில் மனசு கேட்காமல் கேட்டேன்.

"அப்ப நீ நோ-ஹிட்டர் பாக்கவே இல்லியா?"

"இல்ல," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நான் பாக்கல."