டப்பாவில் வரும் சோறு

துணிக்கடையில் வாங்கிய துணி பிடிக்கவில்லை என்றால் மடித்தபடி திருப்பிக் கொடுப்பார்கள். அரிசிக் கடைக்காரியிடம் மட்டும்தான் சோறாக்கி, டிபன் டப்பாவில் போட்டு, மூஞ்சிக்கு நேரே நீட்டுவார்கள். ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில், பதினாறு வருஷமாக எனக்குக் கடை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மீதியை அரிசி மண்டியில் ஏமாந்து ஏமாந்து படித்தேன். கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். ஏன் என்று கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பளபளத்த மூட்டை

கடை போட்ட புதிதில் மண்டிக்காரனிடம் காலையில் ஆரம்பித்த பேரம், மதியச் சாப்பாட்டு நேரம்வரை போனது. கடைசியில் தலையில் கையை வைத்துக்கொண்டு நான் கேட்ட விலைக்கே பொன்னியைக் கொடுத்தான். ஜெயித்த திமிரில் ஆட்டோவில் மூட்டை மேலேயே உட்கார்ந்து வந்தேன். அரிசி வெள்ளை வெளேரென்று பளபளத்தது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். பழைய அரிசி கொஞ்சம் மங்கலாக, பழுப்பு ஓடி இருக்கும். பல்லில் வைத்தால் டக்கென்று உடையும். தண்ணீரை நிறையக் குடித்து உதிரியாக நிற்கும். புது அரிசி பல்லில் நசுங்கும், உலையில் குழையும். அவன் என் தலையில் கட்டியது புது அரிசி.

மறுநாள் டப்பாவைத் திறந்தவர் ஸ்டெல்லாக்கா. மாதா கோயில் பக்கத்துத் தெருக்காரர். அவர் நல்ல கடை என்றால் பத்து வீடு வரும், முகம் சுளித்தால் அந்தப் பத்தும் போகும். "தண்ணி அதிகமா வெச்சிருப்பீங்க" என்று நான் கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"சோறுன்னா துன்னுட்டுப் போயிருப்பேன் லதா. தெருவுல போஸ்டர் ஒட்றவங்க பசை கேட்டு வந்தா உன் கடைய காட்றேன்."

ஆறு தண்ணி

அன்று போனவர் ஒரு வருஷம் கழித்துத்தான் திரும்பினார். போன வருஷம் அவர் மருமகள் அனிதா, பெரம்பூரில் ரயில்வே குடும்பத்துப் பெண், ஆறு மாத வயிற்றோடு வந்து பிரியாணிக்குச் சீரக சம்பா வாங்கிப் போனாள். இரண்டாம் நாள் டப்பாவோடு வந்து நின்றாள். உள்ளே பிரியாணி இல்லை, குருணைக் கஞ்சி.

"எப்படிக் கழுவினே, காட்டு" என்று ஒரு கிண்ணத்தில் அரிசியும் தண்ணீரும் கொடுத்தேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கரகரவென்று தேய்த்தாள். ரேஷன் அரிசிக்கு அந்தக் கை சரி, வாடை போக வேண்டும். சீரகம் மாதிரி பொடியாக இருக்கிற இந்த அரிசியை, விரலால் அளைந்து இரண்டே தண்ணியில் எடுத்துவிட்டு, இருபது நிமிஷம் ஊறப்போட்டுத் தொடாமல் விட வேண்டும். சொன்னேன், கொஞ்சம் சத்தமாகத்தான். அவள் கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எங்க அம்மா வூட்ல தண்ணி தெளியிற வரைக்கும் ஆறு தண்ணி மாத்தித் தேய்ப்போம்க்கா. இங்க தண்ணி தெளிஞ்சிச்சு, அரிசிதான் இல்ல."

கரைக்கு வர நினைத்தவர்

மீன்பிடித் தடைக்காலத்தில் லாஞ்சு என்கிற விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். அப்போது தேசப்பன் அண்ணன் தினமும் என் கடைக்கு வருவார். இருபது வருஷமாக லாஞ்சில் சமையல். ஒரு தடவை போனால் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், ஒன்பது பேருக்கு மூன்று வேளையும் சோறு. இப்போது ஆடுகிற பலகையில் முழங்கால் நிற்க மாட்டேன் என்கிறது. இந்த வருஷத் தடைக்காலத்தில் அனிதாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம், எண்பது பேருக்குப் பிரியாணி. அந்த வேலை கிடைத்தால் கரையிலேயே பிழைத்துக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் தடை முடிந்ததும் மறுபடி லாஞ்சுதான்.

ஸ்டெல்லாக்காவிடம் நான் பேசினேன். முதலில் ஒரு கிலோ ஆக்கிக் காட்டட்டும் என்றார். "இருபது வருஷம் சமைச்ச ஆளுக்குப் பரீட்சையா" என்று நான் எகிறினேன். அண்ணன்தான் அடக்கினார்.

"கேக்கட்டும் தங்கச்சி. கடல்ல சோறு நல்லா இல்லன்னா எவனும் எழுந்து வேற ஓட்டலுக்குப் போவ முடியாது. கரையில போவான். அதான் எனக்கே பயமா கீது."

ஒரு கிலோ

என் கடைக்குப் பின்னால் அடுப்பு வைத்தோம். அரிசியை நானே பொறுக்கினேன், ஒரு வருஷம் ஆன சீரக சம்பா. இரண்டு தண்ணி, இருபது நிமிஷம், எல்லாம் சரி. அண்ணன் தம் உடைத்து மூடியைத் திறந்தபோது சோறு பருக்கை பருக்கையாக நின்றது. ஸ்டெல்லாக்கா ஒரு வாய் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் எடுத்து வாயில் போட்டேன். கறியில் உப்பு இருக்கிறது, சோறு சப்பென்று கிடக்கிறது.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "இத்தினி வருஷம் உப்பு போடாமலா ஆக்கினே" என்று கத்தினேன். அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். லாஞ்சில் நல்ல தண்ணீர் குடிக்கத்தான். அரிசியைக் கடல் தண்ணியிலேயே அலசி, கடைசி ஒரு தண்ணிக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றுவார்களாம். அரிசி கொஞ்சம் உப்பைப் பிடித்துக்கொண்டே உலைக்கு வரும், அதனால் கை பாதி உப்போடு நின்று பழகிவிட்டது. ஸ்டெல்லாக்கா தட்டை முழுக்க வழித்துத் தின்றுவிட்டு எழுந்தார்.

"அரிசிய கெடுக்காத கை இது. உப்ப நாம கூட நின்னு சொல்லிக்கலாம். ஞாயித்துக்கெயம வெள்ளனவே வந்துடு தேசப்பா."

எண்பது பேருக்கு உலை

சொன்னபடியே நானும் அனிதாவும் கூட நின்றோம், அதுதான் வம்பு. உலை கொதிக்கும்போது அண்ணன் உப்புப் போட்டதை நான் பார்க்கவில்லை; நான் ஒரு கை போட்டேன். நான் போட்டதை அனிதா பார்க்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் ஒரு கை போட்டாள். ஊறின அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணன், கொட்டுவதற்கு முன்னால் ஒரு கரண்டி உலைத்தண்ணியை ஆற்றி நாக்கில் விட்டார். அரிசியைக் கீழே வைத்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உலைத்தண்ணியில் பாதியைச் சாக்கடையில் ஊற்றினார், நல்ல தண்ணீர் விட்டார், மறுபடி கொதிக்கவைத்து மறுபடி நாக்கில் விட்டுப் பார்த்த பிறகுதான் அரிசி போட்டார்.

பந்தி கால் மணி நேரம் தாமதம். கல்யாண மண்டபத்தில் வரவேற்கிற மாதிரி ஸ்டெல்லாக்கா வாசலில் நின்று வந்தவர்களைச் சமாளித்தார். சாப்பிட்டவர்களில் இரண்டு பேர் அண்ணனின் நம்பரைக் கேட்டு வாங்கிப் போனார்கள். தடை முடிந்து லாஞ்சு புறப்பட்ட அன்றைக்கு அவர் என் கடையில் அரிசியைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். லாஞ்சு டிரைவர் போனில் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் கேட்டது.

"யோவ் தேசப்பா, புதுசா வந்தவன் ஆக்கின சோத்த துன்னுட்டு இங்க ஒருத்தனும் பேசல. நீ ஒன்னும் வர வேணாம், எப்படி ஆக்கறதுன்னு மட்டும் அவனாண்ட சொல்லு."

ஒரு நல்ல சமையல்காரரைக் கரையேற்றிய புண்ணியத்துக்கு, வாரம் ஒரு முறை என் அரிசியைக் கடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, என்னையே பேரத்தில் மடக்குகிற ஒரு வாடிக்கையாளர் எனக்குக் கிடைத்திருக்கிறார்.